எண்பது எழுத்து அகலத்தில் ஓர் ஆள்

ஹார்பர் ரோட்டில் சிவனாண்டி அண்ணாச்சி நடத்திவந்த மீன் குளிர்க்கிடங்கில் ஒரு ப்ரோகிராம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு பிடிவாதம். எதிரே ஆள் இருந்தால்தான் வேலை செய்யும்.

கிடங்கில் எட்டு அறைகள். கணவாயும் இறாலும் ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறும்வரை அங்கே மைனஸ் பதினெட்டுக்குக் கீழே உறைந்து கிடக்கும். எந்த அறையில் எவ்வளவு குளிர் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எழுதிக் காட்டுவதுதான் ப்ரோகிராமின் வேலை. ஓர் அறை சூடாகிவிட்டால் மணியடிக்கும். திரைக்கு எதிரே இருப்பவர் ‘ஏ’ எழுத்தைத் தட்டினால் மணி நிற்கும். தட்டியவர் பெயரையும் நேரத்தையும் நொடி சுத்தமாகக் குறித்துவைத்துக்கொள்ளும். படம் கிடையாது, கலர் கிடையாது, மௌஸ் கிடையாது. குளிர் மெஷினோடு சேர்ந்து கப்பலில் வந்து இறங்கிய சரக்கு அது. அதை எழுதிய வெள்ளைக்காரன் எவனோ மனுஷனை ரொம்பத்தான் நம்பியிருக்கிறான், பாவம்.

அந்தத் திரைக்கு எதிரே ஒன்பது வருஷமாகப் பகல் ஷிப்டில் உட்கார்ந்திருந்தவர் ஜாய்சன். கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவர், முழங்கால் போனதும் கரைக்கு வந்துவிட்டார். மற்ற இரண்டு ஷிப்டுக்கும் வேறு இரண்டு பேர். ஆனால் மூன்று பேருமே ஜாய்சன் பெயரில்தான் ப்ரோகிராமுக்குள் நுழைவார்கள். மெஷின் மாட்ட வந்தவன் முதல் நாள் “யார் பேரு போட?” என்று கேட்டபோது பக்கத்தில் நின்றவர் ஜாய்சன், அவ்வளவுதான் விஷயம். மற்ற இரண்டு பேருக்கும் தனிப்பெயர் போடும் வேலையை எல்லோரும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார்கள். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

போன அக்டோபரில் அந்த இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாரத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி பெனிஷாவைக் கூப்பிட்டார். பெனிஷாவுக்கு இருபத்தாறு வயது. அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு என்பது அவள் ஒருத்திதான். ப்ரோகிராம் எழுதவும் அவள், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் இழுக்கவும் அவள்.

“ஏம்மா பெனிஷா, கல்லா ஒறைஞ்சி கெடக்க கணவாயப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு மூணு ஆளா? அது என்ன எந்திரிச்சி ஓடவா போவுது? சூடானா எல்லாரு போனுக்கும் மெசேஜ் வாற மாதிரி செஞ்சிரு. ஜாய்சன் லோடிங்குக்குப் போவட்டும். அங்கன ஆளில்லாம லாரி நிக்கி.”

இதெல்லாம் ஒரு வேலையா என்று பெனிஷா உட்கார்ந்தாள். ப்ரோகிராமைத் தானாக ஓடவிட வேண்டியது, அது எழுதுவதைக் குழாய் வைத்து வாங்குவதுபோல் வாங்கிப் போனுக்கு அனுப்ப வேண்டியது. அரை மணி நேரத்தில் ஸ்கிரிப்ட், அதாவது அதற்கான கட்டளை வரிகளை, எழுதி ஓடவிட்டாள். ப்ரோகிராம் அரை நொடி ஓடியது. ‘ஆபரேட்டரின் டெர்மினல் இல்லை, நிறுத்துகிறேன்’ என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுபடி எழுப்பினாள். மறுபடி அதே வரி, அதே படுக்கை. கூப்பிட ஆள் வராமல் விருந்துக்கு வரமாட்டேன் என்கிற மாப்பிள்ளை தோற்றார் போங்கள்!

விஷயம் இதுதான். இந்த மாதிரிப் பழைய ப்ரோகிராம்கள் எழுந்ததும் கம்ப்யூட்டரிடம் ஒரு கேள்வி கேட்கும். ‘நான் எழுதுவது திரையும் கீபோர்டும் உள்ள ஒரு டெர்மினலுக்கா, இல்லை வேறொரு ப்ரோகிராமின் வாய்க்கா?’ டெர்மினல் என்று பதில் வந்தால் எதிரே ஓர் ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆள் இருக்கிறாரா என்று அது கேட்பதே இல்லை. ஆள் உட்காருகிற இடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது.

பெனிஷாவுக்கு அது போதும். இல்லாத டெர்மினலை இருப்பதாகக் காட்டும் வசதி கம்ப்யூட்டரிலேயே உண்டு. உலகமெங்கும் தினமும் செய்கிற காரியம், அதில் திருட்டுத்தனம் எதுவும் கிடையாது. ப்ரோகிராம் எழுந்தது. ‘எதிரே டெர்மினலா?’ என்றது. ‘ஆமாம்’ என்று பதில் போனது. ‘எவ்வளவு பெரிசு?’ என்றது. ‘எண்பது எழுத்து அகலம், இருபத்துநாலு வரி உயரம்’ என்று பதில் போனது. பதில் இவ்வளவு திருத்தமாக வந்தபிறகு எதற்குச் சந்தேகம்? ‘ஆபரேட்டர் இருக்கிறார்: ஜாய்சன்’ என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்கியது. அந்த நேரம் ஜாய்சன் வெளியே லாரியில் இறால் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. மணியடித்து ஐந்து நிமிடத்துக்குள் யாரும் ‘ஏ’ தட்டாவிட்டால், ப்ரோகிராம் மற்ற அறைகளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு மணியடித்துக்கொண்டே இருக்கும். பெனிஷா இன்னும் நாலு வரி சேர்த்தாள். மணியடித்தால் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பு, அனுப்பியதும் ‘ஏ’ தட்டு. மொத்தம் இரண்டு நொடி. அந்த நாலு வரியை எழுதும்போது அவளுக்கு ஓர் உறுத்தலும் இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கெட்டிக்காரத்தனம் செய்யும்போது யாருக்குத்தான் உறுத்துகிறது?

கதவைத் திறந்துவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அண்ணாச்சி, ஜாய்சன், பெனிஷா மூன்று பேர் போனும் ஒன்றாக டிங் என்றன. அண்ணாச்சிக்குத் தலை கால் புரியவில்லை. எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்.

மக்ரூனை மென்றுகொண்டே ஜாய்சன் திரையை எட்டிப் பார்த்தார். “ஏளா, நான் இங்கன இருக்கேன்னுல்லா எழுதிக்கிட்டு இருக்கு? நான் லோடிங்ல நிக்கேன்.”

“அது சும்மா மாமா. பேர மாத்தணும்னா மெஷின் கம்பெனிக்காரன் வரணும்.”

“அப்பம் நான் ரெண்டு எடத்துல வேல பாக்கேன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிவையி” என்று சிரித்துவிட்டுப் போனார்.

இருபத்துநாலு மணி நேரமும் திரைக்கு எதிரே ஆள் இருக்கவேண்டும் என்பது சரக்கு வாங்கும் ஸ்பெயின் பார்ட்டியின் கண்டிஷன். அதற்கு ஆதாரமாக மாதாமாதம் ப்ரோகிராமின் பதிவை அனுப்பவேண்டும். அதையும் பெனிஷாதான் அனுப்பினாள். பக்கம் பக்கமாக ‘ஆபரேட்டர் இருக்கிறார்’. முன்பெல்லாம் ஆள் டீ குடிக்கப் போயிருந்தால் மணியை நிறுத்தத் தாமதமானதாவது தெரியும். இப்போது அதுவும் இல்லை. ஸ்பெயினிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அண்ணாச்சி அதை லேமினேட் செய்து மாட்டினார்.

ஆகஸ்ட் ஐந்து, பனிமய மாதா திருவிழா. மாவட்டத்துக்கே லீவு. கிடங்கில் லீவுக்குப் பதிலாளாக வந்த வாட்ச்மேன் சுடலைக்கண்ணன் மட்டும் கேட்டில் இருந்தான். அன்று சாயங்காலம் ஜாய்சனுக்கு ஒரு கடமை உண்டு. மாதாவின் சப்பரத்துக்கு முன்னால் கயிறு பிடித்துக் கூட்டத்தை விலக்கும் ஆட்களில் அவரும் ஒருவர். நடுக்கடலில் ஒரு புயலில் சாகப்போகிறோம் என்று நினைத்தபோது நேர்ந்துகொண்டது. கரைக்கு வந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அன்றும் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். அம்மாவோடு வந்திருந்த பெனிஷாவையே, “ஏளா, தள்ளி நில்லு, சப்பரம் வருதுல்லா” என்று விரட்டினார்.

ஐந்து நாற்பதுக்குக் கிடங்கில் நான்காம் அறையின் கம்ப்ரஸர் நின்றுபோனது. ப்ரோகிராம் கடமை தவறாமல் மணியடித்தது. ஸ்கிரிப்ட் கடமை தவறாமல் மெசேஜ் அனுப்பிவிட்டு ‘ஏ’ தட்டியது. மணி நின்றது. ஆனால் சப்பரம் போகிற நாலு தெருவிலும் லட்சம் பேர் போனைத் தூக்கிப்பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெட்வொர்க் திணறிவிட்டது. மெசேஜ் எங்கேயோ நடுவழியில் நின்றது. பத்து நிமிடம் கழித்தும் அறை சூடாகவே இருக்க, மறுபடி மணி, மறுபடி மெசேஜ், மறுபடி ‘ஏ’. ஒன்பது இருபதுவரை இருபத்துமூன்று தடவை.

கூட்டம் கலைந்து தெரு காலியானதும் இருபத்துமூன்று மெசேஜும் பெனிஷாவின் போனில் ஒன்றாக வந்து விழுந்தன. ஆட்டோ பிடித்து ஓடினாள். நான்காம் அறைக் கதவைத் திறந்தால் கணவாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண்டெய்னர் சரக்கு போயிற்று.

அடுத்த வாரம் ஸ்பெயின் பார்ட்டி சார்பில் விசாரிக்கக் கொச்சியிலிருந்து ஷீஜா என்று ஓர் ஆய்வாளர் வந்தார். நாகர்கோவில்காரர், அனாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர். பதிவை எடுத்து வரி வரியாகப் படித்தார். அண்ணாச்சி, பெனிஷா, ஜாய்சன், சுடலைக்கண்ணன் நாலு பேரும் எதிரே நின்றார்கள்.

“உங்க ஆபரேட்டர் ஜாய்சன் அன்னைக்கு இங்கேயேதான் இருந்திருக்கார். இருபத்துமூணு தடவை மணி அடிச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் ரெண்டே செகண்ட்ல நிறுத்தியிருக்கார். ஒரு தடவைகூட எழுந்து போய் அறையைப் பார்க்கலை.” கண்ணாடியைக் கழற்றினார். “இதைவிட அலட்சியம் நான் பார்த்ததில்லை.”

சுடலைக்கண்ணனைக் கேட்டார். அவன் உள்ளதைச் சொன்னான். “ஆமா மேடம், மணி அடிச்சிச்சி, ஒடனே நின்னுச்சி. உள்ள ஆளு இருக்கு, பாத்துக்கிடுவாவன்னு இருந்துட்டேன்.”

அண்ணாச்சி வாயைத் திறந்தார், பிறகு எதற்கோ மூடிக்கொண்டார். ஆளே இல்லை என்று சொன்னால் கண்டிஷனை மீறியது அவர். ஆள் அசந்துவிட்டான் என்றால் குற்றம் ஆளோடு போய்விடும். ஷீஜா ஒரு தாளை நீட்டி, “நாளை பத்து மணிக்குள்ள ஆபரேட்டர் கையெழுத்து வேணும். போடாட்டியும் பரவாயில்லை, பதிவே போதும்” என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் அண்ணாச்சி ஜாய்சன் தோளில் கைபோட்டார்.

“ஏலே ஜாய்சன், ஆளில்லன்னு சொன்னா பார்ட்டி அத்தோட போயிருவான். இறால் உரிக்கதுக்கு நூறு பொம்பளைக வந்து போறாவ, அவ்வளவு பேரும் வீட்டுக்குப் போவணும். ஒரு கையெழுத்துப் போட்டுரு. பேப்பர்லதான் ஒன்னிய நிப்பாட்டுவேன். மறுநாளே நம்ம ஐஸ் பேக்டரில எடுத்துக்கிடுதேன்.”

ஜாய்சன் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். “அசந்துட்டேன்னு வேணும்னா போடுதேன் அண்ணாச்சி. மனுசன்தான, அசருவான். ஆனா இதுல அன்னைக்கி சாயந்தரம் நான் இங்கன இருந்தேன்னுல்லா எழுதியிருக்கு? மாதாவுக்கு முன்னால கயிறு புடிச்சவன், புடிக்கலன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

“நீ புடிச்சத ஊரே பாத்துச்சி. மாதாவுக்குத் தெரியாதாலே?”

“அவளுக்குத் தெரியும். அதனாலதான் அண்ணாச்சி போட முடியாதுங்கேன்.”

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ஜாய்சன் கதை ஒன்றுதான். இருபத்துமூன்று தடவை மணியை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்த ஆள் என்று ஸ்பெயின் பார்ட்டி எழுதிவிட்டால், அந்த ஊரில் எந்த மீன் கம்பெனியும் அவரை வாசலில் சேர்க்காது. ஒன்பது வருஷத்தில் ஓர் அலாரத்தைக்கூட விடாத மனிதர்.

ஜாய்சன் பெனிஷாவைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் அவளால் தாங்கமுடியவில்லை. “ஏளா, அது நீ சொன்னாக் கேக்கும்லா? அன்னைக்கி நான் அங்கன இல்லன்னு ஒரு வார்த்த அதுகிட்டச் சொல்லேன்.”

அந்தப் ப்ரோகிராமிடம் எதையும் சொல்லி நம்பவைக்க அவளால் முடியும். மனுஷர்களிடம் உண்மையைச் சொல்லி நம்பவைக்க வேண்டும் என்றபோதுதான் பயம் வந்தது. சொன்னால் வேலை போகும். அண்ணாச்சி முகத்தில் விழிக்கமுடியாது. ஸ்பெயினுக்கு மாதாமாதம் பதிவை அனுப்பியதும் அவள்தான். எல்லாவற்றையும் கூட்டிக்கழித்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அந்த நாலு வரி அவள் கையால் எழுதியது.

காலையில் பத்து அடிக்கக் கால்மணி இருக்கும்போது ஷீஜாவின் மேஜைக்கு எதிரே போய் நின்றாள். “மேடம், அன்னைக்கு இங்க யாருமே இல்ல.”

அண்ணாச்சிக்கு டீ புரையேறியது.

“பதிவு பொய் சொல்லுதா?” என்றார் ஷீஜா.

“இல்ல மேடம். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆள் இருக்குன்னு அது நம்பியிருக்கு. நம்பவெச்சது நான்.”

எல்லோரையும் திரை இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள். கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி ஷீஜா கையில் கொடுத்தாள். திரையின் ஒயரையும் பிடுங்கினாள். நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தாள். பிறகு தன் லேப்டாப்பில் பதிவைத் திறந்து காட்டினாள். ‘ஆபரேட்டர் இருக்கிறார்: ஜாய்சன்.’ இரண்டாம் அறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஜாய்சன், எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றார். மணியடித்தது. ஒன்று, இரண்டு. நின்றது. ‘மணியை நிறுத்தியவர்: ஜாய்சன்.’

“மாதாவே, என் கைய இன்னும் நான் எறக்கலியே!” என்றார் ஜாய்சன்.

ஷீஜா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். பிறகு பெனிஷாவிடம் கேட்டார். “அப்போ அன்னைக்கு இருபத்துமூணு தடவையும் தட்டினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“சப்பரத்துக்குப் பின்னால.”

ஷீஜா தாளை எடுத்தார். ஆபரேட்டர் என்ற இடத்தில் ஜாய்சன் பெயரை அடித்துவிட்டுப் பெனிஷா பெயரை எழுதினார். பணியில் இருந்தார் என்ற வரியை அடித்துவிட்டு, இல்லை என்று எழுதினார். பெனிஷா கையெழுத்துப் போட்டாள். ஜாய்சன் அவள் உச்சியில் கைவைத்துவிட்டு லோடிங்குக்குப் போனார்.

பார்ட்டி போய்விடவில்லை, ஆனால் வாலை ஒட்ட நறுக்கினார்கள். மூன்று ஷிப்டுக்கும் நிஜ ஆள், அவரவர் சொந்தப் பெயர், பதிவு வாராவாரம் நேராக ஸ்பெயினுக்கு. இன்னொரு தடவை நடந்தால் சரக்கு வேண்டாம். அண்ணாச்சி இரண்டு நாள் பெனிஷாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டித் தீர்ந்ததும், இவளை அனுப்பிவிட்டால் பிரிண்டரில் பேப்பர் சிக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்ற யோசனை வந்திருக்கவேண்டும். “ஆளு நீதான்னு கையெழுத்துப் போட்டேல்லா? போ, போயி ஆளா உக்காரு” என்றார். மற்ற இரண்டு ஷிப்டுக்கும் புது ஆட்கள் வந்தார்கள். பகல் ஷிப்டு நாற்காலி பெனிஷாவுக்கு. மெஷின் கம்பெனிக்காரன் வந்து மூன்று பேர் பெயரையும் ஏற்றிவிட்டுப் போனான்.

அவள் ஸ்கிரிப்டை நிறுத்தினாள். ப்ரோகிராமுக்குத் திரையையும் கீபோர்டையும் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ‘எதிரே டெர்மினலா?’ என்று அது கேட்டது. ‘ஆமாம்’ என்று பதில் போனது. ‘ஆபரேட்டர் இருக்கிறார்: பெனிஷா’ என்று எழுதியது. முன்னே இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மணியடிக்கும். பெரும்பாலும் பெட்டி எடுக்கப் போனவர்கள் கதவை ஒழுங்காகச் சாத்தாததுதான். நேரில் பார்க்காமல் ‘ஏ’ தட்டுவதில்லை என்று பெனிஷா வைத்துக்கொண்டாள். குளிர்க்கோட்டை மாட்டவேண்டும், பூட்ஸ் போடவேண்டும், அறைக்கு நடக்கவேண்டும், பனி கட்டிய கதவைத் தோளால் தள்ளிச் சாத்தவேண்டும், திரும்பி வந்து தட்டவேண்டும். அதுவரை மணி காதைக் கிழிக்கும். நாலு நிமிடம் ஆகும்.

மூன்றாம் வாரம் ஸ்பெயினிலிருந்து மெயில் வந்தது. இந்தக் கதை ஒன்றும் தெரியாத, பதிவை மட்டும் படிக்கிற யாரோ எழுதியது. ‘மணியை நிறுத்த ஆபரேட்டர் எடுக்கும் நேரம் இரண்டு நொடியிலிருந்து நான்கு நிமிடமாக மோசமடைந்திருக்கிறது. முந்தைய ஆபரேட்டர் ஜாய்சன் மிகச் சிறந்த பணியாளர். அவரை மீண்டும் அமர்த்தப் பரிசீலிக்கவும். தற்போதைய ஆபரேட்டர் தாமதத்துக்கு விளக்கம் தரவும்.’

பெனிஷா படித்துக் காட்டியதும் ஜாய்சன் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “ஏளா, அதுல ஒண்ணு பிரிண்ட் எடு. வீட்ல காட்டணும்” என்றார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. “சிஸ்டம் ஸ்லோவா இருக்குன்னு எழுதிருமா. அப்படி எழுதுனா எவனும் மேக்கொண்டு கேக்கமாட்டான்” என்றார்.

பெனிஷா கீபோர்டை இழுத்து ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினாள். ‘கதவைச் சாத்தப் போயிருந்தேன்.’